ஜிகினாவுக்குப் பின்னால் ஒரு சிக்கனக்காரர்

கண்ணுக்குக் கீழே கொஞ்சம் ஜிகினாத் தூள், பளபளக்கும் சட்டை. 1971 மார்ச்சில் பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' மேடையில் மார்க் போலன் இப்படி வந்து நின்றபோதுதான் கிளாம் ராக் பிறந்தது என்பார்கள். அந்த ஒப்பனையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியாகிவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் அவருடைய டி. ரெக்ஸ் குழு வெளியிட்ட 'எலக்ட்ரிக் வாரியர்' ஆல்பத்தைக் கேட்டால் வேறொன்று பிடிபடும். ஆள்தான் ஆடம்பரம், வாசிப்பு பரம சிக்கனம்.

'கெட் இட் ஆன்' பாட்டையே எடுத்துக்கொள்வோம். மூலம் சக் பெர்ரியின் 'லிட்டில் குயீனி'. போலன் அதை மறைக்கவும் இல்லை; பாட்டு ஓயும் இடத்தில் பெர்ரியின் வரியொன்றை முணுமுணுத்தே விடுகிறார். ஆனால் பெர்ரி தாவி ஓடிய இடத்தில் இவர் தோளை ஆட்டியபடி சாவகாசமாக நடக்கிறார். கிதார் ஒரே சுரத்தொடரைப் பிடித்துக்கொண்டு நகர மறுக்கிறது. பில் லெஜண்டின் டிரம்ஸ் துளியும் அலட்டிக்கொள்ளவில்லை. ரிக் வேக்மேன் பியானோ கட்டைகள்மேல் விரலைச் சர்ரென்று வழுக்கவிட்டுப் போகிறார், அவ்வளவுதான் அவர் வேலை! பின்னணியில் 'தி டர்ட்டில்ஸ்' குழுவின் கேலனும் வோல்மனும் ஆண் குரலா பெண் குரலா என்று சந்தேகம் வரும் உச்சத்தில் இழைகிறார்கள். 1994இல் ஒயாசிஸ் குழு 'சிகரெட்ஸ் அண்ட் ஆல்கஹால்' பாட்டுக்கு இந்தக் கிதார் சுரத்தொடரைத்தான் தூக்கிக்கொண்டது.

'ஜீப்ஸ்டர்' இன்னொரு கடன். ஹௌலின் வுல்ஃப் பாடிய 'யூ வில் பி மைன்' என்ற சிகாகோ ப்ளூஸ் பாட்டின் சாயல் அதில் அப்பட்டம். வுல்ஃபின் உறுமல் இங்கே கொஞ்சலாகிவிடுகிறது.

பாதிப் பாராட்டு தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டிக்குப் போக வேண்டும். 'காஸ்மிக் டான்சர்' அதற்குச் சாட்சி. அக்கூஸ்டிக் கிதாரும் குரலும் தனியாகத் தொடங்க, வயலின்கள் ஒவ்வொரு அடுக்காக ஏறுகின்றன. கடைசியில் டேப்பைத் தலைகீழாக ஓட்டிய கிதார் வந்து கலக்கிறது. பாங்கோஸும் அக்கூஸ்டிக் கிதாருமாக வாசித்துக்கொண்டிருந்த , குழுவுக்கு டைரனோசாரஸ் ரெக்ஸ் என்று பெயர் இருந்த பழைய நாட்களின் போலன் இந்தப் பாட்டில் இன்னும் இருக்கிறார்.

சறுக்கலும் உண்டு. கடைசிப் பாட்டான 'ரிப் ஆஃப்'பில் அதுவரை காத்த அடக்கத்தை விட்டுவிட்டுக் கத்தித் தீர்க்கிறார். இயன் மெக்டொனால்டின் சாக்ஸபோன் மட்டும் இல்லையென்றால் அது வெறும் இரைச்சல்தான்.