படுத்து எடுத்த தனுஷ்கோடி

தனுஷ்கோடி தேவாலயப் படங்கள் நிறையப் பார்த்தாச்சு. பல படங்கள் ஒரே மாதிரி: கேமராவை மணலோடு மணலா வைத்து, முன்னால் ஒரு சிப்பி, பின்னால் இடிந்த சுவர்.

ஃபோகஸில் நடக்கும் பிழை எளிது. சிப்பியில் வைத்தால் சுவர் மங்குது. சுவரில் வைத்தால் சிப்பி போச்சு. பயந்துபோய் எஃப்/22க்கு ஓடினால் படம் முழுக்கவே கூர்மை குறையும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 16 மி.மீ. லென்ஸ், எஃப்/11, ஃபோகஸ் சுமார் 80 செ.மீ. தூரத்தில். இது போதும், 40 செ.மீ.யிலிருந்து தொடுவானம் வரை தெளிவா வந்துடும்.

ஆனால் என் குறை ஃபோகஸ் பற்றியது அல்ல. தொடுவானக் கோடு எப்போதும் கேமராவின் உயரத்தில்தான் பொருட்களை வெட்டும். கேமரா 20 செ.மீ. உயரத்தில் இருந்தால், கிட்டத்தட்ட முழுச் சுவரும் வானத்தில் ஏறிக் கம்பீரமா நிற்கும். கடல்? 160 செ.மீ. உயரத்தில், நின்று எடுத்தால் தெரிகிற பட்டையில் எட்டில் ஒரு பங்கு. வெறும் நூல்.

1964 டிசம்பர் புயலில் ஊரையும் ரயிலையும் கொண்டுபோன கடல் அது. அதை நூலாக்கி, இடிபாட்டைக் கோட்டையாக்கினால், இடித்தது யார் என்பதே படத்தில் இல்லாமல் போயிடுது.

படுத்துத்தான் எடுக்கணும்னா அலை நனைக்கும் இடத்தில் படுங்க. சிப்பிக்குப் பதிலா தண்ணீர் முன்னால் வரட்டும், சுவர் அதற்குப் பின்னால் நிற்கட்டும். நானும் சிப்பியோடுதான் எடுத்தேன், அழகாத்தான் இருந்தது. அந்த அழகுதான் இப்போ உறுத்துது.