தூண்டிலும் பிரம்பின் நிழலும்

பெரும்பாணாற்றுப்படையில் வரும் மீன்பிடிக் காட்சியை, நாட்டுவளம் கூறும் பகுதி என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு மேலே செல்வது பாடஞ்சொல்வோர் பலரின் வழக்கம். அது புலவர்க்கு இழைக்கும் குறை என்பேன்.

வலைஞர் குடியிருப்பைக் கடந்ததும் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு பாண்மகனைக் காட்டுகின்றார். தோற்பையில் பச்சை இறைச்சி, நெடிய மூங்கிற்கோல், அதன் தலையில் இறுகக் கட்டிய கயிறு, வளைந்த இரும்பு முள். லுக்குட் வட்டாரத் தோட்டங்களில் ஆற்றோரம் தூண்டிலிட்டவர்க்கு இவற்றுள் புதியது ஒன்றுமில்லை. இறைச்சிக்கு மாறாக மண்புழு, அவ்வளவே. அடுத்து வருவதே புலவரின் தனித்திறம். வாளை இரையைக் கவ்விக்கொண்டு தப்பிவிடுகிறது, முள் வெறுமையாகிறது. தப்பிய மீன், நீரருகே நிற்கும் பிரம்பின் நிழல் நடுங்கக் கண்டு அதற்கும் அஞ்சுகிறது.

இதனை வெறுங் கற்பனை என்று தள்ளலாகாது. ஆங்கிலேயர் போற்றும் ஐசக் வால்ட்டனின் தூண்டில் நூல் 1653இல் வெளிவந்தது. பறவையின் நிழல் பட்டாலே ஆழத்தில் மறையும் ஒரு மீனை அவரும் குறிக்கிறார். ஸ்காட்லாந்தின் சிற்றாறுகளில், மழைவெள்ளத்தோடு சால்மன் மீன் ஏறும் நாளுக்குக் காத்திருந்து தூண்டிலிடுவோரும் தம் நிழல் நீரில் விழாமல் காப்பர். (கடலிலிருந்து ஆறேறிய சால்மன் இரை உண்பதில்லை, இறகால் செய்த பொய்ப்பூச்சியைக் காட்டியே அதனை ஏய்க்கின்றனர். நம் பாணனோ மெய்யிரை வைத்தும் ஏமாறுகிறான்!) ஆனால் வால்ட்டனின் மீன் இயல்பிலேயே கோழை. நம் வாளை பட்டறிந்தது. அச்சத்திற்குக் காரணம் காட்டியதில்தான் தமிழ்ப்புலவர் முன்னிற்கிறார்.

மீன்கடையில் வெள்ளிநாடா போன்ற கடல்மீனையும் வாளை என்கிறோம். அதனை ஈண்டுக் கொள்ளின் காட்சி சிதையும். பூக்கள் மலர்ந்த ஆழ்கயம் அடுத்தே வருவதால் இது நன்னீர் வாளை. மலாய்க்காரர் தாப்பா என்னும் இனம். கண்ணையும் கடந்து பிளக்கும் அதன் வாயைக் கண்டவர், புலவர் அவ்வாய்க்குத் தந்த அடைமொழியின் பொருத்தத்தை உடனே உணர்வர்.

ஆற்றுப்படுத்தப்படுபவனும் பாணனே என்பதை மறவற்க. தொண்டைமான் இளந்திரையனை நாடிச் செல்லும் வறிய பாணனுக்கு, இரையும் இழந்து மீனும் இழந்த தன் இனத்தான் ஒருவனை வழியில் காட்டுவானேன்? வளம் கூறுதலே நோக்கமாயின், மீன் அகப்பட்டதாகவே பாடியிருப்பாரன்றோ?