கப்யாஸ வாதம்: கண்ணீரும் காரணமும்

காஞ்சீபுரத்துக்கு மேற்கே, திருப்புட்குழியில், யாதவப்ரகாசரிடம் வேதாந்தம் பயின்ற காலத்தில் இளையாழ்வாருக்கு நேர்ந்த கருத்து வேற்றுமையைக் குருபரம்பரை நூல்கள் உருக்கமாகக் கூறுகின்றன. சாந்தோக்ய உபநிஷத்தின் முதல் ப்ரபாடகத்தில், ஆதித்ய மண்டலத்துள் விளங்கும் பொன்னிறப் புருஷனுடைய திருக்கண்களுக்குத் தாமரை உவமையாகிறது. அத்தாமரைக்கு அடைமொழியாக வரும் 'கப்யாஸம்' என்ற சொல்லுக்குக் குரங்கின் பின்புறம் என்று ஆசிரியர் பொருளுரைத்தார். அவருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த சிஷ்யரின் கண்ணீர் அவர் தொடையில் சுடச்சுட விழுந்தது என்பது வரலாறு.

உபந்யாஸங்களில் இக்கண்ணீரே வாதத்தின் முடிவாகக் காட்டப்படுவதுண்டு. கேட்போர் உள்ளம் உருகும். எதிர்க்கட்சி வீழ்ந்ததாகவும் தோன்றும். ஆயின், 'இது இழிந்த உவமை' என்னும் ஆக்ஷேபத்துக்குச் சங்கரர் தம் பாஷ்யத்திலேயே விடை கூறியுள்ளார். திருக்கண்களுக்கு உவமை தாமரை. குரங்கின் பின்புறம் அத்தாமரைக்கே உவமை. ஆதலின் இழிவு திருக்கண்களைச் சாராது என்பது அவர் ஸமாதானம். இதனைச் சொல்லாமல் விடுவது பூர்வபக்ஷத்தைக் குறைத்துக் காட்டுவதாகும்.

மற்றொரு தடையும் உண்டு. யோகப்பொருளினும் ரூடிப்பொருள் வலிது என்பது பொது ந்யாயம். 'கபி' என்ற சொல்லுக்குக் குரங்கு என்பது ரூடி. நீரைப் பருகுவது கபி, அதாவது சூரியன், என்று பிரித்துப் பொருள் கொள்வோர் ரூடியை விடுதற்குக் காரணம் காட்டக் கடமைப்பட்டவர்.

வேதார்த்தஸங்க்ரஹத்தில் எம்பெருமானார் இப்பொருளை எடுத்தாளும் இடத்தில் கண்ணீர் இல்லை. ஆழ்ந்த நீரில் தோன்றி, தண்டின்மேல் நின்று, கதிரவன் கிரணங்களால் அலர்ந்த தாமரை என மூன்று யோகப்பொருள்களும் ஒரே வர்ணனையில் அமைகின்றன. ப்ரகரணமும் இதற்கே துணை நிற்கிறது. சூரியனுள் உறையும் புருஷனைப் பேசுமிடத்தில் சூரியனால் அலர்ந்த மலர் இயைபுடையது. குரங்குக்கோ அங்கு யாதொரு இயைபும் இல்லை. இழிவு திருக்கண்களைச் சாராது என்று ஒப்புக்கொண்டாலும் இவ்வியைபின்மை நீங்குவதில்லை. ரூடியை விடுதற்கு இதுவே காரணம். சங்கரரின் ஸமாதானம் இதனைத் தொடவில்லை.

சொல்வோனின் தகுதி, கேட்போனின் உணர்வு, சொல்லின் யுக்தி என்று வற்புறுத்தும் வழிகளை மூன்றாக வகுத்தார் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில். திருப்புட்குழி வரலாறு முதலிரண்டால் நெஞ்சைக் கவர்கிறது. நூல் மூன்றாவதால் அறிவை இசைவிக்கிறது. கண்ணீர் ப்ரமாணம் அன்று. எனினும் வீணும் அன்று. பொருள் பொருந்தாமையை முதலில் உணர்ந்தது பக்தி. அவ்வுணர்வை எதிரியும் ஏற்கத்தக்க காரணமாக்கியவை வ்யுத்பத்தியும் ப்ரகரணமும்.

உபந்யாஸகர்கள் சங்கரரின் ஸமாதானத்தையும் சேர்த்து உரைத்தால் இளையாழ்வாரின் கண்ணீருக்குப் பெருமை குறையாது. ஸித்தாந்தத்தின் வலிமை கேட்போருக்கு முழுமையாக விளங்கும்.