ஒன்பது அடி வட்டம்

இங்கிலாந்து உலகத்துக்குத் தந்த ஒரே மதம் விக்கா என்ற நவீன மாந்திரீக வழிபாடுதான் என்பது வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டனின் கணிப்பு. அந்த மதத்தைக் கட்டியெழுப்பிய ஜெரால்ட் கார்ட்னர் தொழில் பழகியதோ நம்முடைய இலங்கை மலையகத்தில். 1884ல் லிவர்பூலுக்கு அருகே பிறந்து, ஆஸ்துமாத் தொல்லையால் பள்ளிக்கூட வாசலை அதிகம் பார்க்காமல் வளர்ந்த அந்தப் பையன், 1900ல் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தான். பிறகு போர்னியோ, மலாயாவில் ரப்பர், கடைசியில் ஜொகூரில் சுங்க அதிகாரி. 1936ல் ஓய்வு பெற்றபோது, கிரிஸ் முதலான மலாய் ஆயுதங்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் சிங்கப்பூரில் வெளியாகியிருந்தது. கத்தி என்றால் அவருக்கு உயிர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

1901ல் கார்ட்னர் கொஞ்ச காலம் கண்டியில் இருந்தார். அதே வருடம் அதே ஊரில் ஆங்கில மாந்திரீகர் அலிஸ்டர் குரோலி தன் நண்பர் ஆலன் பெனட்டோடு தங்கி யோகம் பயின்றிருந்தார். பெனட்டுக்கு யோகத்தின் அரிச்சுவடியைச் சொல்லிக்கொடுத்தவர் வேறு யாருமல்ல, இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன். பெனட் அவருடைய பிள்ளைகளுக்கு வீட்டு ஆசிரியராக இருந்தார், பதிலுக்குச் சைவ யோகம் கிடைத்தது. கார்ட்னரும் குரோலியும் நேரில் சந்தித்தது வெகு காலம் கழித்து, 1947ல், குரோலி சாகிற வருடத்தில், ஹேஸ்டிங்ஸ் நகரில். அதன்பின் குரோலியின் வரிகள் பல கார்ட்னரின் சடங்கு ஏட்டில் ஏறிக்கொண்டன. இதை வைத்து, விக்கா யாழ்ப்பாணச் சைவத்தின் பேரப்பிள்ளை என்று யாராவது மேடையேறினால் நம்பிவிடாதீர்கள். இழை மிக மெல்லியது. ஆனாலும் கிழக்கு லண்டன் மனோர் பார்க் சர்ச் ரோட்டில் முருகன் கோயிலுக்குப் போய்வருகிற ஒருவர் விக்காவின் சடங்கை முதன்முதலாகப் பார்க்கும்போது, எங்கேயோ பார்த்த முகம்போல இருக்கிறதே என்று நினைப்பார். அந்த நினைப்பில் தப்பில்லை.

செய்வினை எடுக்கப்படும், பிரிந்தவர் சேர்வர், பலன் உடனே என்று அச்சடித்த துண்டுப் பிரசுரங்கள் எங்கள் பக்கத்து வீட்டுக் கதவுகளின் தபால் துவாரத்தில் அடிக்கடி விழும். அந்த வியாபாரத்துக்கும் நான் சொல்ல வருவதற்கும் சம்பந்தமில்லை. எனக்கு விக்காவின்மேல் பக்தி கிடையாது. நல்ல தீபாராதனையையும் நல்ல தவில் தனியையும் எந்தக் கண்ணாலும் காதாலும் ரசிக்கிறேனோ அதே கண்ணாலும் காதாலும் இதையும் ரசிக்கிறேன். சடங்கும் ஒரு கலைதான். அதில் கைநேர்த்தி உண்டு, காலப்பிரமாணம் உண்டு, சொதப்பலும் உண்டு.

இந்தக் கதையில் எங்கள் வட்டாரத்துக்கும் பங்குண்டு: மனோர் பார்க் 1965 வரை எசெக்ஸ் கவுன்டியைச் சேர்ந்தது. இங்கிலாந்தில் சூனியக்காரிகள் என்று பெண்களைப் பிடித்துத் தூக்கிலிட்ட கதைகளில் எசெக்ஸுக்குத்தான் முதலிடம். 1566ல் செம்ஸ்ஃபோர்டில் ஆக்னஸ் வாட்டர்ஹவுஸ் என்ற விதவையைத் தூக்கிலிட்டார்கள். 1645ல் மேத்யூ ஹாப்கின்ஸ் என்பவர் மேனிங்ட்ரீயில் தொடங்கி ஊர் ஊராகப் பெண்களை வேட்டையாடினார். 1735ம் ஆண்டுச் சட்டம் கதையைத் தலைகீழாக்கியது. மந்திரம் குற்றமில்லை, மந்திரம் தெரிந்ததாக நடிப்பதுதான் குற்றம் என்றது. அந்தச் சட்டத்தின் கீழ் 1944ல்கூட, ஆவிகளோடு பேசுவதாகச் சொன்ன ஹெலன் டங்கன் என்ற பெண்மணியை ஓல்ட் பெய்லி நீதிமன்றம் ஒன்பது மாதம் சிறைக்கு அனுப்பியது. 1951ல்தான் சட்டம் ஒழிந்தது. மூன்றே வருடத்தில் கார்ட்னர் 'விட்ச்கிராஃப்ட் டுடே' என்ற புத்தகத்தோடு வெளியே வந்து, பழைய மதம் ஒன்று ரகசியமாகத் தப்பிப் பிழைத்திருக்கிறது, அதில் நானும் ஒருவன் என்று அறிவித்தார்.

தப்பிப் பிழைத்த பழைய மதம் என்ற எண்ணத்துக்கு ஆதாரமாக இருந்தவர் மார்கரெட் மரே. கல்கத்தாவில் பிறந்த எகிப்தியவியல் அறிஞர். வேட்டையில் செத்த பெண்கள் எல்லோரும் கிறிஸ்தவத்துக்கு முந்திய ஒரு மதத்தைப் பின்பற்றியவர்கள் என்று 1921ல் எழுதினார். வரலாற்றாசிரியர்கள் அதை எப்போதோ தள்ளிவிட்டார்கள். 1999ல் ஹட்டன் எழுதிய 'தி டிரையம்ஃப் ஆஃப் த மூன்' விக்காவின் பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டியது. சடங்குக்கான கறுப்புப் பிடிக் கத்தி 'சாலமனின் திறவுகோல்' என்ற மத்தியகால மந்திர நூல் வழியாக வந்தது. தீட்சையின் மூன்று படிநிலைகளும், கண்ணைக் கட்டிக் கயிற்றால் பிணைத்து உள்ளே அழைப்பதும் ஃப்ரீமேசன் சங்கத்தின் சாயல். கார்ட்னர் அதில் சேர்ந்தது 1910ல், கொழும்பில். விக்கா வணங்கும் தேவியின் வாக்குகள் சார்ல்ஸ் லீலண்ட் என்ற அமெரிக்கர் 1899ல் வெளியிட்ட இத்தாலிய மாந்திரீக நூலிலிருந்து. மிச்சம் குரோலி.

ஒட்டுப்போட்ட துணிதானே என்று பலர் உதறிவிடுவார்கள். எனக்கு அங்கேதான் சுவை பிறக்கிறது. எந்தச் சடங்கும் ஏதோ ஒரு காலத்தில் யாரோ உட்கார்ந்து கோத்ததுதான், கோத்தவரின் பெயர் மறந்துபோனபின் அதற்கு அநாதி என்று பெயர் வைக்கிறோம். விக்காவில் மட்டும் கோத்தவர் யார், எந்த மணியை எங்கே எடுத்தார், எது பொருந்தவில்லை என்று நம் கண்முன்னே பார்க்க முடிகிறது. வேறெந்த மதமும் ரசிகனுக்கு இந்தச் சலுகையைத் தருவதில்லை.

வட்டத்துக்கு வருவோம். விக்காவுக்குக் கோயில் கிடையாது. ஒவ்வொரு தடவையும் ஒன்பது அடி விட்டமுள்ள ஒரு வட்டத்தைக் காற்றில் கட்டி, வேலை முடிந்ததும் கலைத்துவிடுவார்கள். வரவேற்பறையில் சோபாவை ஓரம் தள்ளினால் போதும். ஒரு கிண்ணத்தில் தண்ணீர், இன்னொன்றில் உப்பு. நடத்துகிற பெண் கத்தி முனையைத் தண்ணீரில் வைத்துச் சுத்தி செய்கிறாள். பிறகு உப்பில். உப்பைத் தண்ணீரில் சேர்த்துக் கத்தி முனையாலேயே கலக்குகிறாள். அந்தக் கத்தி எதையும் வெட்டக் கூடாது. மூலிகை நறுக்க, மெழுகுவர்த்தியில் குறி கீற வெள்ளைப் பிடிக் கத்தி தனியாக இருக்கிறது. வெட்டாத கத்தியை ஒரு மதத்தின் நடுவில் வைக்கத் தோன்றியதென்றால், கிரிஸ் கத்திக்கு ஆவேசம் உண்டு என்று நம்பிய மலாய்க்காரர்களோடு வருடக்கணக்கில் பழகியவருக்குத்தான் தோன்றும்.

கையை நீட்டி, முனை வெளியே பார்க்க, கிழக்கில் தொடங்கி வலமாக ஒரு சுற்று. நான் நின்ற வட்டங்களில் இந்த ஒரு நிமிடத்திலேயே தேர்ந்தவர் யார், கற்றுக்குட்டி யார் என்று தெரிந்துவிடும். கற்றுக்குட்டியின் முனை மேலும் கீழும் அலையும், நாலு பேரின் முழங்காலைத் தாண்டும்போது நடை தடுமாறும். தேர்ந்தவர் தொடங்கிய புள்ளியிலேயே துல்லியமாக வந்து முடிப்பார், முடித்துவிட்டு ஒரு மூச்சு நிற்பார். பிறகு உப்புநீர் தெளித்து ஒரு சுற்று, தூபத்தோடு ஒன்று. கிழக்கே காற்று, தெற்கே நெருப்பு, மேற்கே நீர், வடக்கே மண் என்று திசைக்கொன்றாக அழைப்பு. மேற்கை வருணனுக்குக் கொடுத்த நமக்கு அது மட்டும் சட்டென்று ஒத்துப்போகும், மற்றவற்றுக்குக் கொஞ்சம் பழக வேண்டும். நடுவில் யாராவது கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தால் கத்தியால் காற்றில் ஒரு கதவை வெட்டித் திறந்து, அவர் போனதும் மூடி, திரும்பி வந்ததும் மறுபடி திறந்து மூடுவார்கள். சிரிப்பு வரவேண்டிய காரியம். நன்றாகச் செய்தால் வராது, அவ்வளவு கறாராக அந்தக் கதவு அங்கே இருக்கும்.

சகிக்காத ஒன்றும் உண்டு. அழைப்பு வரிகளைக் கைபேசியைப் பார்த்து வாசிப்பது. அர்ச்சகர் காகிதத்தைப் பார்த்து சகஸ்ரநாமம் சொன்னால் நாம் எப்படி முகம் சுளிப்போமோ அப்படிச் சுளிக்கத் தகுந்தது. இந்த மரபில் சேர்கிறவர் குருவின் சடங்கு ஏட்டைத் தன் கையாலேயே பார்த்தெழுத வேண்டும் என்று வைத்ததே வரிகள் கைவழியாக மனதில் இறங்கட்டும் என்பதற்காகத்தான். 'நிழல்களின் புத்தகம்' என்று அந்த ஏட்டுக்குப் பெயர். மீர் பஷீர் என்ற கைரேகைக்காரர், மனிதரின் நிழலை அளந்து பலன் சொல்லும் ஒரு சமஸ்கிருதச் சுவடியைப் பற்றி 1949ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் எழுதிய கட்டுரையின் தலைப்பு அது. கார்ட்னருக்குப் பிடித்துப்போய் எடுத்துக்கொண்டார்.

கார்ட்னரின் சொந்த நடை, சொல்லப்போனால், மரக்கட்டை. பழங்கால ஆங்கிலம் என்று அவர் நினைத்துக்கொண்ட ஏதோ ஒன்று. விக்காவுக்கு நாக்கைக் கொடுத்தவர் டோரீன் வேலியன்டி. 1922ல் தெற்கு லண்டன் மிச்சமில் பிறந்து, போர்க்காலத்தில் பிளெட்ச்லி பார்க்கில் வேலை பார்த்தவர், 1953ல் கார்ட்னரிடம் தீட்சை பெற்றார். ஏட்டைப் படித்ததுமே இது குரோலியின் வரி, இது இன்னாருடையது என்று அடையாளம் கண்டு நேராகவே கேட்டுவிட்டார். முடிந்தால் நீயே நன்றாக எழுது என்றாராம் கார்ட்னர். வேலியன்டி எழுதினார். தேவி தன் அடியார்களோடு நேரடியாகப் பேசுகிற அந்தப் பகுதியை முதலில் செய்யுளாக எழுதி, சொல்வதற்குக் கடினம் என்று மற்றவர்கள் சொன்னதும் உரைநடையாக மாற்றினார். மாற்றியதே நல்லதாயிற்று. அந்த உரைநடையை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், வாக்கியம் முடியும் இடமெல்லாம் மூச்சு முடியும் இடமாக இருக்கும். விக்காவில் இலக்கியம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். 1999ல் இறந்தார். அவர் வாழ்ந்த பிரைட்டன் அடுக்குமாடிக் கட்டடத்தில் 2013ல் நீலப் பலகை பதித்தார்கள்.

வட்டம் வரவேற்பறைக்குச் சரி, வருடத்துக்கு வெளியே போக வேண்டும். விக்காவுக்கு எட்டுத் திருநாள்: இரண்டு அயனங்கள், சம இரவுபகல் நாட்கள் இரண்டு, இவற்றுக்கு நடுவே பிப்ரவரி, மே, ஆகஸ்ட் தொடக்கங்களிலும் அக்டோபர் 31லும் நான்கு. யாழ்ப்பாணத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். லண்டனில் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். டிசம்பர் 21ல் பிற்பகல் 3.53க்குச் சூரியன் போய்விடும், ஜூன் 21ல் இரவு 9.21 வரை நிற்கும். இந்த மண்ணில் நாள்காட்டி என்றால் அது முதலில் வெளிச்சத்தின் கணக்காகத்தான் இருக்க முடியும். ஊரிலிருந்து கொண்டுவந்த பஞ்சாங்கத்தில் இந்த டிசம்பர்ப் பிற்பகலின் மனத்தளர்ச்சிக்குப் பத்தி இல்லை. விக்காவில் இருக்கிறது.

பார்ப்பதற்கு இடமும் நம் வாசலிலேயே இருக்கிறது. மனோர் பார்க் ரயில் நிலையத்துக்கு வடக்கே ஏறினால் வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ், எப்பிங் காட்டின் தென்கோடி. 1878ம் ஆண்டுச் சட்டம் காப்பாற்றிக் கொடுத்த புல்வெளி. குளிர் விடாத நாட்களிலேயே முட்புதரில் மஞ்சள் பூ தெரியும், மே மாதம் ஹாத்தார்ன் வெள்ளையாகப் பூக்கும், அதற்கே மே என்றுதான் இங்கே பெயர். அந்தப் பூவை வீட்டுக்குள் கொண்டுவந்தால் ஆகாது என்பது இங்கிலாந்துக் கிழவிகளின் நம்பிக்கை, மீற வேண்டாம். தரையில் கூடு கட்டும் வானம்பாடிக்காக வசந்தத்தில் சில பகுதிகளை வேலியிட்டு மூடுகிறார்கள். அலெக்ஸாண்ட்ரா ஏரிக் கரையில் நின்றால் நிலா எழுவதைப் பார்க்கலாம். நெருப்பு மட்டும் கூடாது, மெழுகுவர்த்திகூட. 2018 ஜூலையில் இந்தப் புல்வெளி பற்றியெரிந்து 200க்கு மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் வரவேண்டியதாயிற்று.

தொடங்க நினைப்பவர்கள் கடைக்குப் போய்க் கத்தி, கிண்ணம், படிகக் கல் என்று பணத்தைக் கரைப்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம். எட்டு நாட்களையும் பௌர்ணமிகளையும் ஒரு வருடம் பார்த்து எழுதுங்கள். பழைய குழுக்களில் தீட்சைக்கு முன் ஒரு வருடமும் ஒரு நாளும் காத்திருக்க வைப்பது வழக்கம், அது நல்ல வழக்கம். தனியாகச் செய்வதற்கும் தடையில்லை. குழு தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கார்ட்னர் வழியில் தீட்சைக்குக் காசு வாங்குவதில்லை. காசு கேட்டாலும், உடை களைந்தே ஆகவேண்டும் என்று வற்புறுத்தினாலும் அன்றே வெளியே வந்துவிடுங்கள். கார்ட்னர் நிர்வாணச் சங்கக்காரர், அவர் வட்டத்தில் எல்லோரும் திகம்பரர்கள். இன்று அங்கி அணிந்து செய்கிற குழுக்கள் நிறைய.

2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 பேர் தங்கள் மதம் விக்கா என்று எழுதினார்கள், பொதுவாகப் பேகன் (இயற்கை வழிபாட்டினர்) என்று எழுதியவர்கள் 74,000. சிறிய கூட்டம், ஆனால் புத்தகக் கடைகள் பிரமாதம். எலிசபெத் ரயில் தடத்தில் மனோர் பார்க்கில் ஏறினால் டாட்டனம் கோர்ட் ரோட்டில் இறங்கி நடக்கலாம். மியூசியம் தெருவில் அட்லாண்டிஸ், 1922 முதல் இருக்கிறது, கார்ட்னரின் நாவலை 1949ல் வெளியிட்ட கடை. பக்கத்தில் ஸ்டோர் தெருவில் ட்ரெட்வெல்ஸ். முதலில் வேலியன்டியின் 'விட்ச்கிராஃப்ட் ஃபார் டுமாரோ' வாங்குங்கள், தனியாகத் தொடங்குகிறவருக்கான சடங்கையும் அதிலேயே எழுதி வைத்திருக்கிறார். அடுத்து ஹட்டன். கார்ட்னரை நூலகத்தில் படித்துக்கொள்ளலாம்.