விருந்தாளிகளுக்கு நடுவே டூட்ஸ் ஹிபர்ட்

1968-இல் பாடிய 'டூ தி ரெகே' என்ற பாட்டினால் ஜமைக்கா சங்கீதத்தின் ஒரு வகைக்கே பெயர் நிலைக்கச் செய்தவர் என்று போற்றப்படும் டூட்ஸ் ஹிபர்ட், 61-ஆம் வயதில், 2004-இல், பெரும்பாலும் தம்முடைய பழைய பாடல்களையே பிரபல வித்வான்களோடு சேர்ந்து மீண்டும் பாடி, 'ட்ரூ லவ்' என்ற தொகுப்பாக வெளியிட்டபோது, பிறர் கீர்த்தியின் துணையால் விற்பனை தேடும் உபாயமோ இது என்று ரசிகர்கள் சந்தேகித்திருந்தால் அதில் ஆச்சரியப்படுவதற்கில்லை. கேட்டு முடித்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் பெரும்பாலும் அகன்றுவிடும்.

காரணம் டூட்ஸ் பாடிய மேட்டல்ஸ் குழுவின் ஆதி அமைப்பிலேயே இருக்கிறது. மே பென் என்ற ஊரில், பிரசங்கிகளான பெற்றோருக்குப் பிறந்து தேவாலயத்தில் பாடி வளர்ந்த டூட்ஸ் அடியெடுத்துக் கொடுக்க, ராலி கார்டனும் ஜெர்ரி மத்தயாஸும் பின்பாட்டால் விடையளிப்பதே அக்குழுவின் முறையாக இருந்தது. ஆகவே இந்தப் பாடல்களில் இன்னொருவருக்கு இடம் ஏற்கெனவே உண்டு. அது பதில் சொல்பவரின் இடம் என்பதை உணர்ந்து வந்த விருந்தாளிகள் வெற்றி பெற்றிருக்கிறார்கள்.

டூட்ஸின் சிறைவாச அனுபவத்திலிருந்து பிறந்த '54-46' பாட்டில் ஒரு தடவை என்று பாடகர் கேட்டால் வாத்தியங்கள் ஓர் அடியும், இரண்டு தடவை என்றால் இரண்டு அடியும் கொடுக்கும் கட்டம் பிரசித்தமானது. அந்தப் பாட்டுக்கு வந்த ஜெஃப் பெக், வாய் திறவாமல், கிடாரினாலேயே துணை நிற்கிறார். 1986-இலேயே தமது தொகுப்பொன்றில் டூட்ஸின் பாட்டொன்றைப் பாடியிருந்த பானி ரெயிட், அதே பாட்டோடு இங்கே வந்து, சற்றே கரகரத்த தமது சாரீரத்தை அடக்கி இழைய விடுகிறார். எல்லாவற்றினும் என் மனத்தைக் கவர்ந்தது வில்லி நெல்சனோடு பாடியது. பாட்டு நெல்சனுடையது, எனவே வீட்டுக்காரரே அங்கே விருந்தாளி. தாளத்தைச் சற்று விலகியே தொடும் நெல்சனின் சுபாவமும், தட்டுகளுக்கு இடையில் கிடார் வெட்டி வெட்டி ஒலிக்கும் ரெகேயின் இலக்கணமும் பல காலம் பழகியவைபோல் ஒன்றுபடுகின்றன.

குறையும் உண்டு. 1966-இல் ஜமைக்காவின் முதல் விழாப் பாடல் போட்டியில் பரிசு பெற்ற 'பாம் பாம்', ஷாகியின் வேகப் பேச்சும், வாயாலேயே தாளவாத்தியம் எழுப்பும் ராஸெலின் வித்தையும் சேர்ந்துகொள்ள, செவிக்கு வேடிக்கையாகிப் பழைய கம்பீரத்தை இழந்துவிட்டது. நட்சத்திரங்களின் எண்ணிக்கையைக் குறைத்திருந்தால் தொகுப்பு இன்னும் உயர்ந்திருக்கும் என்பதே என் அபிப்பிராயம்.

ஆயினும், அடியின் முடிவில் பிரசங்கியைப்போல் ஒரு முழக்கம் எழுப்பி அடுத்த அடிக்குத் தாவும் டூட்ஸின் சாரீரம் எந்த இடத்திலும் தளரவில்லை. 2005-இல் சிறந்த ரெகே தொகுப்புக்கான கிராமி விருது இதற்குக் கிடைத்தது நியாயமே. மேட்டல்ஸ் மூவரும் பாடிய பழைய பதிவுகளை வாசகர்கள் முதலில் கேட்டுவிட்டு, அதன்பின் இத்தொகுப்புக்கு வரவேண்டும்.