விழித்திரைப் புற்று: தூரமா, தாமதமா?

கைக்குழந்தையை ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கும்போது ஒரு கண்பாவை சிவப்பாகவும் இன்னொன்று வெள்ளையாகவும் விழுந்தால், அது விழித்திரைப் புற்றின் முதல் அறிகுறியாக இருக்கலாம். மருத்துவர்கள் ரெட்டினோபிளாஸ்டோமா என்பார்கள். பிறக்கும் 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒன்றுக்கு, பெரும்பாலும் ஐந்து வயதுக்குள், வருகிற நோய். கண்ணுக்குள் அடங்கியிருக்கும்போதே பிடித்துவிட்டால் குழந்தை பிழைப்பது ஏறக்குறைய உறுதி. பார்வை நரம்பு வழியே மூளைக்கோ, ரத்தம் வழியே எலும்பு மஜ்ஜைக்கோ போய்விட்டால் நிலைமையே வேறு. இப்படிக் குணமாகக்கூடிய ஒரு நோயில் எந்தக் குழந்தை பிழைக்கும் என்பதைப் பெரும்பாலும் அது பிறந்த இடமும் பெற்றோரின் கையிருப்புமே முடிவு செய்கின்றன.

இதற்கு வலுவான சான்று 2020இல் ஜாமா ஆன்காலஜி இதழில் வந்த உலகளாவிய ஆய்வு. 153 நாடுகள், 278 மையங்கள், 4,351 நோயாளிகள். நோய் கண்டறியப்பட்ட வயதின் இடைநிலை அளவு பணக்கார நாடுகளில் 14.1 மாதம், மிக ஏழை நாடுகளில் 30.5 மாதம். கண்டறியும்போதே நோய் உடலின் வேறு பகுதிக்குப் பரவியிருந்தவர்கள் முன்னதில் 0.3 சதவீதம்; பின்னதில் ஏறத்தாழ 19 சதவீதம். பதினாறு மாத இடைவெளியில் நடப்பது இது.

பெரிய உழைப்பு, மறுப்பதற்கில்லை. ஆனால் இதில் இரண்டு குறைகள் உண்டு. மையத்தின் வாசலை மிதித்த குழந்தைகளை மட்டுமே இது எண்ணியிருக்கிறது. வழியிலேயே நின்றுபோனவர்கள் கணக்கில் இல்லை. எனவே உண்மை நிலை இதைவிட மோசமாகத்தான் இருக்கும். இரண்டாவது, நாடுகளை வருமானப்படி நான்காகப் பிரித்ததில் நாட்டுக்குள் இருக்கும் பிளவு மறைந்துபோகிறது. சென்னை அண்ணாநகர்க் குழந்தையும் ஜவ்வாது மலைக் குழந்தையும் ‘இந்தியா’ என்ற ஒரே கட்டத்துக்குள் வந்துவிடுகிறார்கள். நமக்குத் தெரியவேண்டிய வித்தியாசமோ அந்த இருவருக்கும் நடுவில்தான் இருக்கிறது.

சரி, என்ன செய்வது? எல்லாரும் முதலில் சொல்வது, மாவட்டத்துக்கு ஒரு சிறப்பு மையம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 9 லட்சம் பிரசவம் என்றால், இந்த நோய் 45 முதல் 60 குழந்தைகளுக்கு வரலாம். 38 மாவட்டங்களுக்கும் பிரித்தால் மையத்துக்கு ஒன்றோ இரண்டோ. ஆண்டுக்கு இரண்டு குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவருக்குக் கை பழகாது. எந்தக் கண்ணைக் காப்பாற்றலாம், எதை எடுத்தே ஆகவேண்டும் என்று நிதானிப்பது பல நூறு கண்களைப் பார்த்து வருகிற தெளிவு. பிரிட்டனிலும் ஆண்டுக்கு ஏறக்குறைய இதே எண்ணிக்கைதான். அங்கே லண்டன், பர்மிங்காம் என நாடு முழுவதற்கும் இரண்டே மையங்கள். ஸ்காட்லாந்துக் குழந்தையும் அங்கேதான் போகவேண்டும். இருந்தும் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளும் பிழைக்கிறார்கள். காரணம், குழந்தையின் கண்ணில் சிவப்பு ஒளி தெரியவில்லை என்றால் உடனடியாக மேல்சிகிச்சைக்கு அனுப்பவேண்டும் என்று குடும்ப மருத்துவருக்கு எழுத்து வடிவிலேயே வழிகாட்டுதல் இருக்கிறது. ஆக, கிலோமீட்டர் மட்டும் கொல்வதில்லை.

பணமா என்றால், பாதி உண்மை. முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. கண்ணில் வைக்கும் ருத்தேனியக் கதிரியக்கத் தகட்டைப் பாபா அணு ஆராய்ச்சி மையம் உள்நாட்டிலேயே செய்துவிட்டது. புற்றுநோயாளிக்கு ரயில் கட்டணச் சலுகையும் உண்டு. ஆனால் கீமோ மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை, வழக்கமாக ஆறு சுற்று. அதன்பின் மயக்கம் கொடுத்துக் கண்ணைப் பார்க்கும் பரிசோதனை ஆண்டுக்கணக்கில் தொடரும். ஒவ்வொரு முறையும் அப்பாவின் கூலி போகும். வீட்டில் விட்டுவந்த மூத்த பிள்ளையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். தங்க இடம் வேண்டும். மருத்துவமனை பில்லை அடைக்கிற காப்பீடு இவற்றை ஏறிட்டும் பார்ப்பதில்லை. மூன்றாவது சுற்றோடு வராமல் போகிற குடும்பத்தைக் கோப்பில் ‘தொடரவில்லை’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள்.

விழிப்புணர்வு இல்லை என்பது மூன்றாவது வாதம். இதில் எனக்குச் சங்கடம் உண்டு. மாறுகண் அதிர்ஷ்டம் என்று நம்மூரில் இன்றும் சொல்கிறார்கள். இந்த நோயில் வெள்ளை ஒளிக்கு அடுத்தபடியாக அதிகம் காணப்படும் அறிகுறி அதுதான். ஆகவே வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் அம்மாதான் முதலில் கவனிக்கிறாள். “கண்ணுல என்னமோ வெள்ளையா மின்னுது” என்று காட்டினால் “வளர வளரச் சரியாயிடும்” என்று சொட்டு மருந்தோடு திருப்பி அனுப்புகிறவர் யார்? கண்ணை எடுக்கவேண்டும் என்றதும் “பொம்பளப் புள்ளைங்க, நாளைக்கு யாரு கட்டிக்குவா” என்று பாட்டி அழுவதை அறியாமை என்று தள்ளிவிடுவதும் நியாயமில்லை. அந்தப் பயத்துக்கு ஊரில் ஆதாரம் இருக்கிறது. செயற்கைக் கண் பொருத்திப் பள்ளிக்கூடம் போகும் ஒரு பிள்ளையின் தாயை அவர்கள் முன்னால் உட்காரவைத்துப் பேசச்செய்வது பலன் தரும். கையெழுத்துப் படிவம் தராது.

என் தீர்ப்பு இது: கட்டடமும் மருந்தும் இருக்கின்றன, குழந்தையை அங்கே கொண்டுசேர்த்து, முடியும்வரை கூடவே இருக்கிற ஏற்பாடுதான் இல்லை. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்கிறார்கள். இந்தப் புற்று ஆறு மாதம் காத்திருக்காது. தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு முறையும் கண்ணின் சிவப்பு ஒளியைப் பார்க்கலாம். சில நொடி வேலை. வாழ்நாளில் ஒரு குழந்தையைக்கூடக் காணாமல் போகக்கூடிய நோய்க்காக ஒரு செவிலியருக்குப் பயிற்சியா என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. அதே சோதனையில் பிறவிக் கண்புரையும் பிடிபடும் என்பது அதற்குப் பதில். சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்பதற்கும் விடை இருக்கிறது: அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் நடத்தும் பார்வை மையங்களில் சிற்றூர் நோயாளியை வீடியோ வழியே மருத்துவர் பார்க்கிறார்.

மையம் இரண்டோ மூன்றோ போதும். ஆனால் அங்கே பயணப்படி, தங்குமிடம், இழந்த கூலி ஆகியவை சிகிச்சைச் செலவாகவே காப்பீட்டில் சேரவேண்டும். முதல் அறிகுறி தெரிந்து எத்தனை நாளில் குழந்தை வந்தது, எந்த வட்டத்திலிருந்து வந்தது, பாதியில் நின்றவர்கள் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு மையமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ‘தொடரவில்லை’ என்று எழுதப்பட்ட ஒவ்வொரு பெயருக்கும், அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தவர் யார் என்ற பத்தியும் அதே படிவத்தில் இருக்கவேண்டும்.