மணிமங்கலப் போரும் தொடக்க ஆட்டக்காரரின் படைத் தேர்வும்

பழங்காலப் போர்களைச் சிறு உருவங்கள், பகடை, அளவுகோல் கொண்டு மேசைமேல் ஆடுவது மேசைப் போர் விளையாட்டு. இதற்கான சுருக்கமான விதிநூல்களில் ஒன்று 1990-இல் வெளிவந்த ‘டி பெல்லிஸ் ஆன்டிகுவிடாட்டிஸ்’. ஆட்டக்காரர்கள் அதை டி.பி.ஏ. என்பர். ஒரு தரப்புக்கு 12 அலகுகள் மட்டுமே. 15 மி.மீ. உருவங்களுக்கு ஒவ்வோர் அலகின் முகப்பும் 40 மி.மீ. என்பதால், முழுப்படையையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் 48 செ.மீ. ஆகும். 60 செ.மீ. சதுரப் பலகை போதும். சாப்பாட்டு மேசையிலேயே ஆடலாம்.

புதியவருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை இரண்டு. ஒன்று, பிடித்த படையை வாங்கு. மற்றது, ரோமானியர் அல்லது அலெக்சாந்தரின் மாசிடோனியர் போன்ற உறுதியான காலாட்படையிலிருந்து தொடங்கு. எதிரில் ஆட ஆள் கிடைக்கும் ஊருக்கு இவை பொருந்தும். சென்னையின் தென்புறநகரில் தொடங்குபவர் பெரும்பாலும் இரு தரப்பையும் தாமே வைத்திருக்க வேண்டும். ஆகவே கேட்க வேண்டியது எந்தப் படை என்பதன்று, எந்தச் சோடி என்பதே.

இந்தியர் என்றதும் கைக்கு வருவது கி.மு. 326-இல் அலெக்சாந்தரை எதிர்த்த போரசின் படை. தேர், யானை, வில்லாளர் என்று பார்க்க அழகான படைதான். ஆனால் டி.பி.ஏ.வில் யானை இலகு காலாட்களிடம் தோற்றால் அழிந்துவிடும். நான்கு அலகுகளை இழந்து, அந்த இழப்பு எதிரியினுடையதைவிட மிகுதியாகவும் இருந்தால் ஆட்டம் போயிற்று. இரண்டு யானை விழுந்தாலே பாதித் தோல்வி. புதியவரோ யானையைத்தான் முதலில் முன்னே தள்ளுவார்.

தாம்பரத்துக்கு மேற்கே உள்ள மணிமங்கலம் இதைவிட நல்ல சோடியைத் தருகிறது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கிய இரண்டாம் புலிகேசியைப் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் வென்றதைக் கூரம் செப்பேடு கூறுகிறது. கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ படித்தவர்களுக்கு ஊர்ப்பெயர் புதிதன்று. நாவல் அப்போரை மகேந்திரவர்மன் காலத்தில் வைக்கிறது என்பது வேறு. இரு தரப்பிலும் யானை, குதிரை, காலாள் என ஒரே வகைப் படைகள் என்பதால் ஒரே உருவத் தொகுதியை வாங்கி இரண்டாகப் பிரிக்கலாம். பல்லவருக்கு இடபக் கொடி, சாளுக்கியருக்குப் பன்றிக் கொடி. பலமும் ஏறத்தாழச் சமம். தோற்றவர் படையைக் குறைசொல்லித் தப்ப முடியாது.

இங்கே படைப் பட்டியல்களைப் பற்றி ஒரு குறை சொல்லியாக வேண்டும். செவ்வியல் இந்தியப் படை என்ற பட்டியல் கி.மு. 500 முதல் கி.பி. 545 வரை ஆயிரம் ஆண்டுகளை ஒன்றாக்குகிறது. அதைப் பார்த்துப் பல்லவருக்குத் தேர் வாங்குவது வீண்செலவு. அந்நூற்றாண்டில் தேர்ப்படை வழக்கொழிந்துவிட்டது. கூரம் செப்பேடும் நமக்கு அதிகம் உதவாது. அது நரசிம்மவர்மனின் பேரன் முதலாம் பரமேசுவரவர்மன் வெளியிட்டது. முன்னோரின் புகழைப் பாடுகிறதே தவிர, படை எண்ணிக்கையையோ அணிவகுப்பையோ சொல்வதில்லை. சாளுக்கியர் யானைகளுக்கு மது கொடுத்துப் போருக்கு அனுப்பினர் என்று சீனப் பயணி சுவான் சாங் எழுதியிருக்கிறார். அதை நம்பி யானைகளைப் பெருக்கும் ஆசை வரும். தரப்புக்கு ஒரு யானை, இரண்டு குதிரை, மீதி வாள்வீரரும் வில்லாளரும் என்று தொடங்குவதே என் பரிந்துரை. இது ஆட்ட வசதிக்கான ஊகம், வரலாறு அன்று. பலகையில் ஓர் ஏரியும் வையுங்கள். அந்த வட்டாரத்துக்கு அது பொருந்தும், பக்கவாட்டுத் தாக்குதலைத் தடுக்கவும் உதவும்.